வெயிலைப் பணிகொண்ட வேதியியலறிஞர்

இத்தாலி நாட்டின் பொலோனா நகரில், பல்கலைக்கழக வேதியியல் கூடத்தின் மேல்தளத்தில் எடுக்கப்பட்ட பழைய புகைப்படம் ஒன்று உண்டு. தளம் முழுவதும் கண்ணாடிக் குடுவைகளும் குழாய்களும் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் நடுவே, தாடியுடன் கூடிய ஒரு பெரியவர் நிற்கிறார். அடுப்பு இல்லை, புகை இல்லை, எரியும் விளக்கு இல்லை. குடுவைகளை அவர் நெருப்பின்மேல் ஏற்றவில்லை. வெயிலில் வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார்.

அவர்தாம் ஜாக்கமோ சாமிச்சான். ஒளிவேதியியலின் தந்தை என்று வேதியியல் உலகம் போற்றும் பெருமகனார். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கும் நம்மவர் சியாமீசியன் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இத்தாலியர் உச்சரிப்பு சாமிச்சான் என்பதே. நம் ஊர் மளிகைக்கடைப் பற்றுவரவுக் கணக்கில் காணக்கூடிய பெயர் போல ஒலிப்பதாலோ என்னவோ, முதன்முறை கேட்டபோதே அவர்மேல் எனக்கு ஒரு பற்று உண்டாகிவிட்டது.

எங்கள் துறையின் கருத்தரங்கில், ஒளியால் செயல்படும் வினையூக்கிகளைக் கொண்டு நீரில் கலந்த ஆன்டிபயாடிக் மருந்துகளை அகற்றுவது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தனர். அதற்காகப் படித்த கட்டுரைகள் யாவும் 1972ஆம் ஆண்டில்தான் கதையைத் தொடங்கின. அந்த ஆண்டின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆயினும் கதையை பொலோனாவின் மொட்டைமாடியிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் எண்ணம். கருத்தரங்கில் பத்து நிமிடமே தந்தார்கள். அங்கே சொல்ல இயலாமற் போனதை இம்மலரில் எழுதுகிறேன்.

சாமிச்சான் 1857ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அந்நாளில் ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகமாக விளங்கிய திரியெஸ்த் நகரில் பிறந்தார். அவர்தம் குடும்பம் ஆர்மீனிய வழியினது. வியன்னாவில் பயின்று, 1880இல் ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் உரோமாபுரி சென்று கன்னிசாரோவிடம் துணையாளராக அமர்ந்தார். அணு எடைகளைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்து வைத்த அதே கன்னிசாரோதான். நம் இளங்கலை முதலாண்டுப் பாடத்திலேயே அவர் பெயரில் ஒரு வினை வருகிறதல்லவா! நல்லாசிரியரிடம் சேர்ந்தது அவருடைய நற்பேறு என்றே சொல்ல வேண்டும்.

உரோமில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் பைரோல். எலும்பைக் காய்ச்சி வடித்தால் கிடைக்கும் நாற்றம் பிடித்த எண்ணெயில் உள்ளது அது. நான்கு கார்பன் அணுக்களும் ஒரு நைட்ரஜன் அணுவும் கைகோத்து நிற்கும் வளையம். நம் இரத்தத்தின் சிவப்பிலும் இலையின் பச்சையிலும் அடிப்படையாக இருப்பது இவ்வளையமே. பைரோலிலிருந்து பிரிடின் வகைப் பொருளைப் பெறும் வினை இன்றும் சாமிச்சான், டென்ஸ்டெட் என்னும் இருவர் பெயரால் வழங்குகிறது. பைரோலோடு அயோடினைச் சேர்த்துக் கிடைத்த அயோடால் என்ற பொருள், புண்களில் கிருமிகளைத் தடுக்கும் மருந்தாகச் சில காலம் வழங்கி வந்தது. அதற்கு முன் பயன்பட்ட அயோடோபார்மின் கடுநெடி இதற்கு இல்லை என்பதே அதன் சிறப்பு. கிருமிகளைக் கொல்லும் பொருளொன்றை ஆக்கியவர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பின்னர் இது வேண்டியிருக்கும்.

ஒளியின்பால் அவர் கவனம் திரும்பியது 1886ஆம் ஆண்டை ஒட்டி. குவினோன் என்னும் மஞ்சள் நிறப் பொருளை ஆல்கஹாலில் கரைத்து வெயிலில் வைத்தார். குவினோன் ஹைட்ரஜனை ஏற்று ஹைட்ரோகுவினோன் ஆயிற்று. ஆல்கஹால் ஹைட்ரஜனை இழந்து அசெட்டால்டிஹைடு ஆயிற்று. ஒன்று ஒடுக்கமுற, மற்றொன்று ஆக்சிஜனேற்றமுற, இரண்டுக்கும் இடையில் தரகு வேலை பார்த்தது வெயில்! சூடேற்றியதால் நிகழ்ந்ததன்று இது. இருளில் வைத்த குடுவை இருந்தபடியே இருந்தது.

1887இல் பாதுவா நகரிலும், 1889இல் பொலோனாவிலும் பேராசிரியரானார். 1088ஆம் ஆண்டில் தொடங்கியதாகச் சொல்லப்படும், ஐரோப்பாவின் மிகத் தொன்மையான பல்கலைக்கழகம் பொலோனா. இறுதிநாள் வரை அவ்விடத்தை விட்டு அவர் அகலவில்லை. ஒளி ஆராய்ச்சி சில ஆண்டுகள் நின்று கிடந்தது. 1900ஆம் ஆண்டில், தம் நெடுநாள் துணைவரான ஜெர்மானியர் பால் சில்பருடன் அதை மீண்டும் தொடங்கினார். அதன்பின் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இருவரும் அந்த மேல்தளத்தையும் பலகணிகளையும் குடுவைகளால் நிரப்பினர்.

அவர்கள் வேலை செய்த முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பொருளைக் கண்ணாடிக் குழாயில் இட்டு வாயை உருக்கி மூடுவர். வெயிலில் வைப்பர். பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருப்பர். மழைக்காலமும் பனிக்காலமும் குறுக்கிடும். சதகுப்பை எண்ணெயில் உள்ள கார்வோன் என்ற பொருளை ஓராண்டுக் காலம் வெயிலில் விட்டு வைத்து, அதிலிருந்து புதியதொரு சேர்மம் பிறந்ததை 1908இல் அறிவித்தனர். அச்சேர்மத்தின் அமைப்பு ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாவதற்கு 1957 வரை வேதியியல் உலகம் காத்திருந்தது. ஒரு செய்முறைத் தேர்வுக்கு மூன்று மணி நேரம் போதவில்லை என்று முறையிடும் நாம், ஒரு குழாய்க்கு ஓராண்டு காத்திருந்த மனிதரை நினைத்துப் பார்க்கலாம்.

ஒளியின் எந்த நிறம் வேலை செய்கிறது என்பதையும் அவர்கள் விடவில்லை. குடுவையைச் சுற்றி நிறக் கரைசலை நிரப்பி, அதன் வழியே ஒளியைச் செலுத்திப் பார்த்தனர். நீலமும் ஊதாவும் செய்ததைச் சிவப்பு செய்யவில்லை. வெப்பம் வேறு, ஒளி வேறு என்பது இதனால் கையில் தொட்டாற்போல் விளங்கிற்று. அசெட்டோன் கலந்த நீர் வெயிலில் அசெட்டிக் அமிலமாகவும் மீத்தேனாகவும் பிளவுபட்டதைக் கண்டனர். தொலுயீனை நீரோடும் ஆக்சிஜனோடும் நெடுநாள் ஒளியில் வைத்து, அது பென்சாயிக் அமிலமாக மாறியதையும் கண்டனர். நீர், காற்றிலுள்ள ஆக்சிஜன், ஒளி ஆகிய இம்மூன்றும் கூடினால் கரிமச் சேர்மத்தின் கட்டு குலையும் என்ற செய்தியை நூறாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தவர்கள் இவ்விருவரும் ஆவர். என் கருத்தரங்குப் பொருளின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

1910ஆம் ஆண்டில் சாமிச்சான் இத்தாலிய மேலவையின் உறுப்பினரானார். நோபல் பரிசுக்கு அவர் பெயர் பலமுறை முன்மொழியப்பட்டது; பரிசு மட்டும் கிட்டவில்லை. அதனால் நமக்கொன்றும் குறைவில்லை. அவருடைய புகழுக்கு அடித்தளமாக நிற்பது 1912ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அவர் ஆற்றிய உரை.

பயன்முறை வேதியியலாரின் எட்டாவது அனைத்துலக மாநாடு நியூயார்க்கில் கூடியது. நிலக்கரியின் ஆட்சி கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஆலைப் புகைபோக்கிகளின் எண்ணிக்கையைக் கொண்டே நாட்டின் பெருமையை அளந்தார்கள். அந்த அவையில் எழுந்து நின்ற சாமிச்சான், நிலக்கரி என்பது பண்டைய வெயிலின் சேமிப்பே என்பதையும், சேமிப்பை அள்ளி அள்ளிச் செலவிடுவோர் அன்றாடம் வரும் வெயிலைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை என்பதையும் எடுத்துரைத்தார். செடிகள் காத்து வைத்திருக்கும் ஒளி இரகசியத்தை மனிதன் கற்றுக்கொள்ளும் நாளை அவர் விரித்துக் காட்டினார். பயிர் விளையாத வறண்ட நிலங்களில் புகையில்லாத தொழிற்கூடங்கள் எழும் என்றும், அங்கே கண்ணாடிக் குழாய்கள் காடு போல் பரந்து நிற்கும் என்றும், அவற்றினுள் வெயிலே வேலை செய்யும் என்றும் அவர் கண்ட கனவு அந்த உரையில் இருக்கிறது. வெப்ப நாடுகளை நாகரிகம் வென்றடையும் என்ற தொனியில் அவர் பேசியது மட்டும் எனக்கு உவப்பாக இல்லை. வெப்ப நாடுகளில் மனிதர்களும் நாகரிகமும் ஏற்கனவே இருந்தனவே! அக்கால ஐரோப்பியரின் பார்வை அது. ஆனால் நாகரிகம் தான் பிறந்த இடத்திற்கே திரும்பும் என்றும் அவர் சேர்த்துக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டே ஆண்டுகளில் உலகப் போர் மூண்டது. இத்தாலியும் ஜெர்மனியும் எதிரெதிர் அணிகளில் நின்றன. இத்தாலியரும் ஜெர்மானியரும் தோளோடு தோள் நின்று நடத்திய ஒளி ஆராய்ச்சியும் அத்துடன் முடிந்துபோயிற்று. இறுதி ஆண்டுகளில் செடிகளின் உள்ளே நிகழும் வேதிமாற்றங்களை ஆராய்ந்த சாமிச்சான், 1922ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் பொலோனாவில் காலமானார். இன்று அப்பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவரிடம் இல்லாதது ஒன்று உண்டு. ஒளியைத் தானே விழுங்கக்கூடிய பொருளில் மட்டுமே அவர் முறை செல்லுபடியாகும். கதிரவனின் கதிர் தன்மீது பட்டும் படாததுபோல் ஊடே விட்டுவிடுகிற பொருளை என்ன செய்வது? அதற்காக ஒளியை வாங்கிக்கொண்டு, வேலையை முடித்து, தான் மாறாமல் நிற்கும் இன்னொரு பொருள் தேவை. அதுவே ஒளிவினையூக்கி.

வியப்பு என்னவென்றால், அப்பொருள் அவர் காலத்திலேயே மக்கள் கையில் இருந்தது. சுவர்களிலும் சன்னல் சட்டங்களிலும் பூசப்பட்டும் இருந்தது! வெள்ளைப் பெயின்டில் சேரும் துத்தநாக ஆக்சைடையும் டைட்டானியம் டை ஆக்சைடையும் சொல்கிறேன். 1911இல் ஜெர்மனியில் ஐப்னர் என்பவர், துத்தநாக ஆக்சைடு கலந்த பிரஷ்யன் நீலம் ஒளியில் வெளுப்பதை எழுதினார். 1921இல் ரென்ஸ் என்பவர், டைட்டானியம் டை ஆக்சைடைக் கிளிசரின் போன்ற கரிமப் பொருளோடு வெயிலில் வைத்தால் கருமை கொள்வதை அறிவித்தார். 1931இல் நம் நாட்டிலேயே, அலகாபாத்தில் நீலரத்தன தர் அவர்களும் கோபால ராவ் அவர்களும், இவ்வகை ஆக்சைடுகளின் முன்னிலையில் அம்மோனியா ஒளியால் ஆக்சிஜனேற்றம் அடைவதைக் காட்டி, மண்ணில் நைட்ரேட்டு உண்டாவதில் வெயிலுக்கும் பங்கு உண்டென வாதிட்டனர். நம் பாடநூல்களில் இவ்விருவர் பெயரும் இடம்பெறாதது எனக்கு மனக்குறையே. 1972இல் ஜப்பானியர் புஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையின்மேல் ஒளியைப் பாய்ச்சி நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்த பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. 1977இல் அமெரிக்கர் பிராங்கும் பார்டும் நீரிலுள்ள சயனைடை இதே வகையில் அழித்துக் காட்டினர்.

செயல்படும் விதம் எளிது. டைட்டானியம் டை ஆக்சைடுத் துகள்மீது ஏறத்தாழ 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக்கதிர் பட்டதும், ஓர் எலக்ட்ரான் தன் இருப்பிடத்தை விட்டு மேலே தாவுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடம் மின்துளை எனப்படும். துளை நீரிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்க, ஹைட்ராக்சில் தனியுறுப்பு பிறக்கிறது. தாவிய எலக்ட்ரானை நீரில் கரைந்த ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. ஹைட்ராக்சில் தனியுறுப்பு எதிரே வரும் கரிமச் சேர்மம் எதுவாயினும் தாக்கிக் கடித்துக் குதறிவிடும். குவினோனும் ஆல்கஹாலும் மொட்டைமாடியில் நடத்திய அதே கொடுக்கல் வாங்கல்தான் இதுவும். தரகர் மட்டும் மாறியிருக்கிறார்.

இனி ஆன்டிபயாடிக்குக்கு வருவோம். சாமிச்சான் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1928இல்தான் பிளெமிங் பெனிசிலினைக் கண்டார். ஆகவே இப்படியொரு சிக்கல் வரும் என்று சாமிச்சான் எண்ணியிருக்க வழியில்லை. நாம் விழுங்கும் மருந்து முழுவதும் உடலில் தங்குவதில்லை. அமாக்சிசிலினில் ஏறத்தாழப் பாதிக்கு மேல் மாறாமல் சிறுநீரோடு வெளியேறுகிறது. கழிவுநீர் நிலையங்களில் உள்ள நுண்ணுயிர்கள் மற்ற அழுக்கைத் தின்னும். தம்மையே கொல்வதற்கென்று ஆக்கப்பட்ட மருந்தை முழுவதும் தின்பது எங்ஙனம்? எஞ்சியது ஆற்றிலும் ஏரியிலும் கலக்கிறது. கொல்லப் போதாத சிற்றளவு மருந்தில் நீந்திப் பழகும் நுண்ணுயிர்கள், மருந்துக்கு அடங்காதவையாகத் தேர்ந்து பெருகுகின்றன.

மருந்து ஆலைகளின் கழிவு இதனினும் கொடிது. ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்சேரில், ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டனர். சிப்ரோபிளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. மாத்திரை உண்டவர் இரத்தத்தில் காணப்படுவதே லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். சுத்திகரித்த பிறகு வந்த நீர் அது என்பதை மறந்துவிடலாகாது.

சென்ற ஆண்டு என் அப்பாயிக்குச் சிறுநீர்ப்பாதையில் தொற்று கண்டது. ஆய்வக அறிக்கையில் மருந்துகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு எதிரே, நுண்ணுயிர் அம்மருந்துக்கு அடங்காது என்பதைக் குறிக்கும் ஆர் என்ற ஒற்றை ஆங்கில எழுத்து. பதினான்கு வரிகளில் பத்து அவ்வாறு. ஊசி மருந்தொன்று கைகொடுத்ததால் அப்பாயி பிழைத்து வீடு வந்தார். உலகெங்கும் 2019ஆம் ஆண்டில் இவ்வாறு மருந்துக்கு அடங்காத தொற்றுகளால் நேரடியாக மாண்டோர் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 2022இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அந்த அறிக்கையைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகு, கருத்தரங்குத் தலைப்பு எனக்கு வெறும் மதிப்பெண் தலைப்பாகத் தோன்றவில்லை.

டெட்ராசைக்ளின், சிப்ரோபிளாக்சசின், சல்பாமெதாக்சசோல் ஆகியவற்றை ஒளிவினையூக்கி சிதைக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆய்வகங்களில் பலமுறை மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. ஆயினும் ஆய்வகக் குவளையின் வெற்றியை ஆற்றின் வெற்றியாகக் கொண்டுவிடக் கூடாது. பங்குனி மாதத்தில் நானும் தோழியர் இருவரும் எங்கள் துறையின் மொட்டைமாடியில் மெத்திலீன் நீலக் கரைசலில் துத்தநாக ஆக்சைடைக் கலக்கி வெயிலில் வைத்தோம். இரண்டு மணி நேரத்தில் நீலம் போயிற்று. கறுப்புத்தாள் சுற்றிய குவளையில் நிறம் அப்படியே நின்றது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வெள்ளைப் பொடியை நீரிலிருந்து பிரிக்கத்தான் பெரும்பாடு. வடிதாளை ஏமாற்றிவிட்டுத் துகள் கசிந்துகொண்டே இருந்தது. ஒரு குவளைக்கே இப்பாடென்றால் ஓர் ஆலையின் கழிவுக்கு என்னாகும்? பொடியைக் கண்ணாடியின்மீதோ மணிகளின்மீதோ படியவைத்தால் பிரிக்கும் தொல்லை தீரும். ஆனால் நீரைத் தொடும் பரப்பு குறைந்து வேகம் தளரும்.

வேறு தடைகளும் உள. கலங்கல் நீரில் ஒளி இறங்காது. நீரிலுள்ள பைகார்பனேட்டும் மட்கிய இலைதழைகளின் கரைசலும் தனியுறுப்புகளை வழியிலேயே விழுங்கிவிடும். கதிரவன் ஒளியில் புற ஊதாவின் பங்கு நூற்றில் 4 அல்லது 5தான். எனவே கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்யும் வினையூக்கிகளைத் தேடுகின்றனர். நைட்ரஜன் ஏற்றிய டைட்டானியம் டை ஆக்சைடு, கார்பன் நைட்ரைடு, பிஸ்மத் சேர்மங்கள் என்று அப்பட்டியல் நீள்கிறது. எல்லாவற்றினும் முக்கியமானது, மருந்து மூலக்கூறு மறைந்தது என்பதோடு கணக்கை முடிக்கக் கூடாது என்பது. பாதி சிதைந்த துண்டு சில வேளைகளில் நுண்ணுயிரைத் தாக்கும் ஆற்றலை இழக்காமலே இருக்கும். கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் உப்புகளாகவும் முடியும் வரை எவ்வளவு சிதைந்தது என்று அளந்தாக வேண்டும். பல கட்டுரைகள் நிறம் போனதையும் மருந்து மறைந்ததையும் காட்டிவிட்டு இதைச் சொல்லாமல் நழுவுகின்றன. குழாயைத் திறந்து, உள்ளே பிறந்த பொருள் ஒவ்வொன்றையும் பிரித்துப் பெயர் சொன்ன பின்பே எழுதிய சாமிச்சானிடமும் சில்பரிடமும் இவ்வகையில் நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்கில் அல்மேரியா என்ற மாவட்டம் இருக்கிறது. அங்குள்ள தபெர்னாஸ் வட்டாரம் ஐரோப்பாவிலேயே மிக வறண்ட நிலங்களுள் ஒன்று. 1980களின் தொடக்கத்தில் அவ்விடத்தில் கதிரவன் ஆற்றலுக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1990களிலிருந்து அழுக்கு நீரை ஒளிவினையூக்கியால் தூய்மை செய்யும் சோதனைகள் அங்கே நடந்து வருகின்றன. முதலில் பூச்சிமருந்துகள், பின்னர் ஆன்டிபயாடிக் மருந்துகள். சாய்வாக நிறுத்திய சட்டங்களில் வளைந்த அலுமினியக் கண்ணாடிகள். அவை வெயிலை நாற்புறமிருந்தும் வாங்கி, முன்னே பொருத்திய குழாய்களின்மேல் சாய்க்கின்றன. குழாய்களின் உள்ளே நீரும் வினையூக்கியும் சுழன்றோடுகின்றன. புகைபோக்கி கிடையாது. பயிர் விளையாத மண்ணில், வரிசை வரிசையாக, கண்ணாடிக் குழாய்கள் நிற்கின்றன.